சகுந்தலையைப் படித்தவர்கள்

நாடகத்தைக் காணும் காவியம் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாகவே அது பிறக்கிறது. ஆயினும் காளிதாஸனுடைய சாகுந்தலத்தை நம்மில் பெரும்பாலோர் மேடையில் கண்டதில்லை, புத்தகத்தில்தான் கண்டிருக்கிறோம். நமக்கு முன்னே எத்தனையோ தலைமுறையினரும் அப்படியே ஏட்டிலும் அச்சிலும் அவளைச் சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பார்த்தது ஒரே சகுந்தலையைத்தானா? இந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டு சிறிது பின்னோக்கிப் பார்ப்போம்.

பழங்காலத்து மாணாக்கன் குருவின் எதிரில் அமர்ந்து இந்நாடகத்தைப் பாடம் கேட்டான். ஒரு சுலோகம், அதற்குப் பதவுரை, அதில் அமைந்த அணி, பிறகு அடுத்த சுலோகம். அலங்கார சாஸ்திரம் எழுதியவர்களும் தத்தம் இலக்கணங்களுக்கு உதாரணமாக இதிலிருந்து செய்யுட்களை எடுத்தாண்டார்கள். கண்வ முனிவர் மகளை வழியனுப்பும் நான்காம் அங்கமே தலைசிறந்தது என்பது பண்டிதர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த தீர்ப்பு. அவர்களுடைய ரஸனையின் நுட்பத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் மாலையிலிருந்து ஒவ்வொரு மலராக எடுத்து முகர்ந்தால், மாலையின் வடிவம் மறந்து போவதும் இயல்புதானே!

1783-ம் வருஷம் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக வந்தார் ஸர் வில்லியம் ஜோன்ஸ். நம் நாட்டில் 'நாடகம்' என்று ஒரு வகை நூல் உண்டென்று அவர் முன்னமே படித்திருந்தார். அவை சரித்திர நூல்களாயிருக்கும் என்பது அவர் எண்ணம். பலரைக் கேட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. கடைசியில் ராதாகாந்தர் என்ற பண்டிதர், குளிர்காலத்தில் கல்கத்தாவிலே வெள்ளைக்காரர்கள் ஆடிக் காட்டுகிறார்களே, அதைப் போன்றதுதான் இது என்று தெளிவுபடுத்தினார். அவற்றுள் எது சிறந்தது என்று விசாரித்தபோது ஜோன்ஸுக்குக் கிடைத்த விடை சாகுந்தலம். அவர் அதை முதலில் லத்தீனில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, பின்பு இங்கிலீஷில் எழுதி, 1789-ல் கல்கத்தாவிலேயே அச்சிட்டார்.

அந்த இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து ஜார்ஜ் பார்ஸ்டர் 1791-ல் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார். அதே வருஷத்தில் மகாகவி கதே சகுந்தலையைப் புகழ்ந்து சிறு கவிதை ஒன்று பாடினார். சூத்திரதாரன் தோன்றும் காளிதாஸனுடைய முன்னுரைக் காட்சி அவர் மனத்தை அவ்வளவு கவர்ந்தது. 1808-ல் வெளிவந்த தமது 'பௌஸ்ட்' நாடகத்தின் முதற் பாகத்திலும் அதை ஒட்டி ஒரு முன்காட்சியை அமைத்தார். நகரத்துப் போலி நாகரிகத்தில் சலிப்புற்றிருந்த ஐரோப்பிய வாசகர்கள், ஆசிரமத்துக் கொடிகளுக்கு நீர் வார்க்கும் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார்கள். அவர்கள் கண்ட சகுந்தலை காட்டிலே பூத்த ஒரு கள்ளமற்ற மலர். அரச சபையில் நின்ற சகுந்தலை அவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை.

அந்தப் புகழ் கப்பலேறி மீண்டும் நம் நாட்டுக்கே வந்தது. இங்கிலீஷ் படித்தவர்கள், மேல்நாட்டார் மெச்சிய நூல் என்ற பெருமிதத்துடன் அதைக் கையில் எடுத்தார்கள். வங்காளத்தில் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1854-ல் அதை வசனக் கதையாக்கினார். 1880-ல் புனாவில் அண்ணா ஸாஹேப் கிர்லோஸ்கர் அதை மராத்தி சங்கீத நாடகமாக்கினார். 1902-ல் ரவீந்திரநாத தாகூர், ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்தோடு அதை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவரே கதேயின் கவிதையைத்தான் தொடக்கமாகக் கொண்டார்!

தமிழில், பிற்காலத்தில் மறைமலையடிகள் எனப் புகழ் பெற்ற வேதாசலம் அவர்கள் 1907-ல் இந்நாடகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார். பின்னர் அதைப் பற்றித் தனியே ஓர் ஆராய்ச்சி நூலும் எழுதினார். 1940-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை' படம் வெளிவந்தது. எழுத்தறியாதவர்களுக்கும் அதனால் சகுந்தலை அறிமுகமானாள், அதுவும் பாட்டின் மூலமாக.

படம் என்றதும் ரவிவர்மாவின் ஓவியம் நினைவுக்கு வருகிறது. புல்தரையில் சாய்ந்து, தாமரை இலையில் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையை அவர் 1876-ல் தீட்டினார். அவள் எழுதுவதைக் கண்டவர்கள் எத்தனையோ பேர். எந்தப் பாஷையில் எழுதுகிறாள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

சகுந்தலை எழுதுவதும் பேசுவதும் பிராகிருதம். இந்நாடகத்தில் அரசனும் முனிவர்களும் சம்ஸ்கிருதம் பேசுவார்கள். பெண்களும், விதூஷகனும், மீன் வயிற்றில் மோதிரத்தைக் கண்டெடுத்துக் காவலரிடம் அடிபடும் செம்படவனும் பலவகைப் பிராகிருதங்கள் பேசுவார்கள். அச்சுப் புத்தகங்களில் பிராகிருத வாக்கியத்துக்குக் கீழே 'சாயை' என்று அதன் சம்ஸ்கிருத வடிவம் இருக்கும். வாசகர்களில் பலர் மூலத்தைத் தாண்டிச் சென்று சாயையையே படிப்பார்கள். ஜோன்ஸின் இங்கிலீஷிலோ அரசனும் செம்படவனும் ஒரே பாஷை பேசுகிறார்கள். கதாநாயகி தன் சொந்தக் குரலில் பேசியதை, மூலத்தைப் படித்தவர்களிலும் பலர் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுக்கோ கேட்க வழியே இல்லை.

அந்தக் குரல் ஓங்கி ஒலிக்கும் இடம் ஐந்தாம் அங்கம். துர்வாசர் சாபத்தால் நினைவிழந்த அரசன் தன் மனைவியை யாரென்று கேட்கிறான். மோதிரம் விரலில் இல்லை. அவன் நீட்டிய தண்ணீரைப் பருக மறுத்த மான்குட்டி, தான் நீட்டியதும் பருகிய கதையை அவள் நினைவூட்டுகிறாள். பெண்களின் பிறவிக் கபடம் என்று அவன் எள்ளுகிறான். கொடிகளோடு கொடியாக வளர்ந்த அப்பெண், சபை நடுவே அவனுடைய அறமின்மையை எடுத்துச் சொல்லி இடித்துரைக்கிறாள். கூட வந்த ஆசிரமவாசிகளும் அவளை விட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். மகாபாரதத்துச் சகுந்தலைக்குச் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை; அவள் மகனை அருகில் நிறுத்திக்கொண்டு அரசனோடு வாதாடுகிறாள். காளிதாஸன் அரசன்மீது சாபத்தைப் போர்த்திப் பழியைக் குறைத்தான்; ஆனால் அவளுடைய கோபத்தை அவனும் அழிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நாம் கண்ட அனுபவம் ஒன்று உண்டு. இந்நூலை ஜெர்மன் கவி புகழ்ந்தார் என்பதை மாணவர்கள் தயங்காமல் சொல்லுவார்கள். ஐந்தாம் அங்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் வகுப்பில் நிசப்தம் நிலவும். பிறர் தந்த நற்சாட்சிப் பத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு, நம் வீட்டுப் பெண்ணின் வார்த்தையைக் கேளாதிருப்பது தேசாபிமானம் ஆகுமா? அவள் பெற்ற மகன் பரதன். பாரதம் என்ற பெயரை அவனோடு சேர்த்துச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவன் தாய் சபையில் பட்ட அவமானத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டாமா?

இதற்குப் பெரிய மேடையோ திரைச்சீலையோ வேண்டியதில்லை. ஒரு நல்ல மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஏற்று, வாய்விட்டுப் படிக்கலாம். அரசனின் பேச்சைப் பையன் கம்பீரமாகப் படிக்கட்டும். ஐந்தாம் அங்கம் வரும்போது சகுந்தலையின் வார்த்தைகளை வீட்டுப் பெண்ணொருத்தி படிக்கட்டும். வாசகத்தைச் சுருக்காமல், குரலைத் தாழ்த்தாமல் படிக்கட்டும். ஏட்டில் இத்தனை காலம் படிக்கப்பட்டவள் அப்போது பேசுவாள். கேட்பவர்கள் ஆண்பிள்ளைகளாயிருந்தால் இன்னும் நல்லது.