ஒரு வளவு, இரு வீடு

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு வேலியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரே வளவில் அண்ணனும் தம்பியும் வீடு கட்டி வாழ்வர். நடுவே வேலி நிற்கும். ஒழுங்கைக்குச் செல்லும் படலை மட்டும் ஒன்றே. விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு பணிசெயல் முறைமைகளைத் தாங்கிய கணினியும் இத்தகையதே. வன்றட்டு வளவு, அதன் பிரிவுகள் வீடுகள், எவ்வீட்டுக்குச் செல்ல வேண்டுமென வினவும் 'கிரப்' என்னும் சிறு செய்நிரலே படலைக் காவலன்.

அண்மையில் மாணவன் ஒருவன் கலங்கிய முகத்துடன் என் வீடு தேடி வந்தான். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றதல்லவா? அதனால் அவன் விண்டோஸ் 11 ஐப் புதிதாக நிறுவியிருக்கிறான்.

"உபுண்டுவைக் காணவில்லை, சேர். என் ஆய்வுக் கட்டுரை முழுவதும் அதற்குள்தான் இருந்தது."

"பிரதி?" என்றேன். தலை குனிந்தான்.

நல்லவேளையாக வீடு இடியவில்லை, காவலனே மாறியிருந்தான். விண்டோஸ் நிறுவப்படும்போது தன் காவலனைப் படலையில் நிறுத்திவிடும். பழைய கணினிகளில், வன்றட்டின் முதல் 512 பைற்றுகளில் உள்ள தொடக்க நிரலை அது அழித்தெழுதும். புதிய யூஇஎப்ஐ கணினிகளிலோ இரு காவலரும் தனியொரு சிறு பிரிவில் இருப்பர். விண்டோஸ் வரிசையில் தன்னை முன்னிறுத்திக்கொள்ளும், அவ்வளவே. மாணவனுடைய கணினி இரண்டாம் வகையினது. தொடக்க வரிசையில் உபுண்டுவை முதலாவதாக்கினோம். கட்டுரை வைத்த இடத்திலேயே இருந்தது. முதலாம் வகையாயின், உபுண்டு உள்ள பென்டிரைவினால் கணினியை இயக்கி, கிரப்பை மீள நிறுவ வேண்டியிருந்திருக்கும்.

உண்மையான அபாயம் வேறிடத்தில் உள்ளது. லினக்ஸின் கோப்பமைப்பு விண்டோஸுக்கு விளங்காது. ஆதலால் நிறுவும் வேளையில் தோன்றும் பட்டியலில் லினக்ஸ் பிரிவு பெயரின்றிக் கிடக்கும். வெறுங்காணியென்று எண்ணி அதனை அழித்தால் அயல்வீடு தரைமட்டமாகும். ஆகவே ஒவ்வொரு பிரிவின் அளவையும் முன்னதாகவே தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் இருந்த பிரிவை மட்டும் தொடுங்கள். தொடக்கச் சிறு பிரிவை விட்டுவையுங்கள். பிற்லொக்கர் பூட்டு இருப்பின் அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவை மீள நிறுவுவோர், தமது கோப்புகள் தனிப் பிரிவில் இருக்குமாயின், அப்பிரிவை வடிவமைக்காது விடுதல் வேண்டும்.

இவையெல்லாவற்றுக்கும் முந்திய விதி ஒன்றுண்டு: பிரதியெடுத்த பின்னரே கைவையுங்கள். 1981 இல் நமது பொது நூலகம் எரிந்தது. வேறிடங்களிற் பிரதியிருந்த நூல்களை மீண்டும் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாயிருந்த ஏடுகள் போனவை போனவைதாம். நமக்கு இதனைப் பிறர் கற்பிக்க வேண்டுமா?

மாணவன் அன்று மாலையே கட்டுரைக்கு இரு பிரதிகள் எடுத்தான். அவற்றுள் ஒன்று என் அலுமாரியில் இருக்கின்றது.