கயிறும் கம்பியும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 13 பாகை உயரத்தில் நிற்கிறது. இவ்வுயரத்தை அளந்தே சோழமண்டலக் கரை மாலுமிகள் தம் துறையை அறிந்தனர். அவர்களது இராப்பலகை ஒரு சிறு பலகை. நடுவே முடிச்சிட்ட கயிறு. முடிச்சுக்கு ஒரு துறைமுகம். முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டினால் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொட வேண்டும். அவ்வளவே கருவி!

அமெச்சூர் வானொலிக்காரரின் ஏரியலும் அளந்த கம்பியேயன்றி வேறென்ன? 1939-ல் யுத்தம் மூண்டதும் அன்னிய சர்க்கார் அவர்களது லைசென்ஸுகளை ரத்து செய்து கருவிகளையும் ஒப்படைக்கச் சொல்லிற்று. கணக்கைப் பறிமுதல் செய்ய முடிந்ததா? 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைவாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ 42.34 மீட்டர் அலையில் பேசிற்று. அதன் அரை அலைக்குக் கம்பி 21 மீட்டர். பள்ளிச் சிறுவனும் வகுத்துச் சொல்வான்.

இன்று பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெறலாம். ஏனாத்தூர் போன்ற ஊர்களின் வாலிபர்கள் இதில் ஏன் இறங்கலாகாது? தக்க உயரத்தில் கம்பியைத் தென்வடலாகக் கட்டினால் குரல் கிழக்கிலும் மேற்கிலும் மிகுதியாய்ச் செல்லும். இரும்பருகே காந்த ஊசி பிசகும். வடக்கைத் துருவ நட்சத்திரத்தினிடமே கேட்டுக்கொள்ளலாம்.