படிவம் உங்கள் பக்கத்தில்... பதில்கள் யார் கையில்?

தீபாவளி பட்சணம், ஆரி வொர்க் வகுப்பு, மாடித்தோட்டத்துக்கான விதைப் பாக்கெட்... எதை விற்பதாக இருந்தாலும், வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் இன்று சொந்தமாக ஓர் இணையப் பக்கம் தொடங்கிவிடுகிறார்கள். படங்கள் பளிச்சென்று இருக்கும். விலைப் பட்டியலும் இருக்கும். கடைசியில், 'ஆர்டர் செய்ய இங்கே தொடவும்' என்று ஒரு லிங்க். தொட்டால் வேறு பக்கம், வேறு நிறம், வேறு முகவரி திறக்கும். 'இது அதே கடைதானா?' என்ற சந்தேகம் வந்தால், பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

இதற்குத் தீர்வு, அந்தப் படிவத்தையே உங்கள் பக்கத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைப்பது. இதைத்தான் 'எம்பெட்' செய்வது என்கிறார்கள். கூகுள் ஃபார்ம்ஸ், ஜாட்ஃபார்ம், டைப்ஃபார்ம், டாலி என்று பல சேவைகளில் இந்த வசதி இருக்கிறது. அவை தரும் சிறிய கோடை காப்பி செய்து, உங்கள் பக்கத்தின் எச்டிஎம்எல் பகுதியில் ஒட்டினால் போதும்.

சுவரில் ஒரு ஜன்னல்!

இதன் பின்னால் இருப்பது 'ஐஃபிரேம்'. 1997-ல் வெளியான எச்டிஎம்எல் 4.0-லேயே இடம்பெற்ற பழைய நுட்பம். ஜன்னல் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும். ஆனால், அதன் வழியே தெரிவது பக்கத்து வீடு. உள்ளே தெரியும் படிவம், அந்தச் சேவையின் சர்வரிலிருந்தே வருகிறது. பாதுகாப்பு காரணமாக, அதில் நிரப்பப்படுவதைப் படிக்கவோ, அதன் நிறத்தையும் எழுத்தையும் மாற்றவோ உங்கள் பக்கத்தை பிரவுசர் அனுமதிக்காது. எனவே, அலங்காரம் எல்லாவற்றையும் படிவம் உருவாக்கும் இடத்திலேயே முடித்துவிட வேண்டும்.

ஒட்டு தெரியாமல் பொருத்த...

* அகலம்: கூகுள் தரும் கோடில் அகலம் 640 என்று இருக்கும். பெரும்பாலான போன்களின் திரை அகலம் 360 முதல் 430 வரைதான். அப்படியே விட்டால் படிவம் பக்கவாட்டில் வெட்டுப்படலாம். 640-ஐ 100% என்று மாற்றுங்கள்.

* உயரம்: கம்ப்யூட்டரில் ஒரே வரியில் முடியும் கேள்வி, போனில் மூன்று வரியாக மடங்கும். உயரம் போதாவிட்டால் பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரோல், படிவத்துக்கு ஒரு ஸ்க்ரோல் என்றாகி, 'சமர்ப்பி' பட்டனைத் தேட வேண்டியிருக்கும். போனில் பார்த்து உயரத்தைக் கூட்டுங்கள். டாலி, ஜாட்ஃபார்ம் போன்றவை, உயரம் தானாகவே மாறும்படியான ஸ்கிரிப்ட்டையும் சேர்த்துத் தருகின்றன.

* நிறம்: படிவத்தின் பின்னணி நிறமும் உங்கள் பக்கத்தின் நிறமும் ஒன்றுபோல் இருந்தாலே பாதி ஒட்டு மறைந்துவிடும்.

* லாகின்: 'ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்' என்ற அமைப்பை கூகுள் ஃபார்ம்ஸில் ஆன் செய்தால், நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். மூன்றாம் தரப்பு குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் முழுமையாகத் தடுக்கிறது. இப்படிப்பட்ட பிரவுசர்களில் ஐஃபிரேமுக்குள் லாகின் சிக்கல் வரலாம். ஆர்டர் படிவத்துக்கு இந்த அமைப்பு தேவையில்லை.

* மாற்று வழி: படிவம் திறக்காதவர்களுக்காக, அதன் கீழேயே நேரடி லிங்க்கும் கொடுத்துவிடுங்கள்.

முக்கியமான பூட்டு

ஆர்டர் படிவத்தில் வருவது பெயரும் அளவும் மட்டுமல்ல. ஒரு பெண்ணின் செல்போன் எண், வீட்டு முகவரி, அவர் வீட்டில் இருக்கும் நேரம்கூட வரும். கூகுள் ஃபார்ம்ஸில் 'முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டு' என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால், படிவத்தை நிரப்பிய யாரும் மற்றவர்களின் பதில்களைப் பார்க்கலாம். பதில்கள் சேரும் ஷீட்டை, 'லிங்க் உள்ள எவரும்' பார்க்கலாம் என்று பகிர்ந்திருந்தாலும் ஆபத்துதான். இரண்டையும் இன்றே சரிபாருங்கள்.

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. வேறொரு நிறுவனம் உங்களுக்காகத் தரவைக் கையாண்டாலும், பொறுப்பு உங்களுடையது. தேவைக்கு மேல் தகவல் கேட்கவும் கூடாது. வீடியோவில் மருத்துவ ஆலோசனை தரும் செயலிக்கு, நோயாளியின் போனில் உள்ள தொடர்பு எண்கள் எதற்கு என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. முறுக்கு ஆர்டருக்குப் பிறந்த தேதி எதற்கு? டெலிவரி முடிந்தபின் பழைய பதில்களை அழித்துவிடுவதும் நல்லது.

நிரப்புபவர்கள் கவனத்துக்கு!

பக்கத்தின் மேலே தெரியும் முகவரி, அந்தப் பக்கத்துக்கு மட்டுமே உரியது. உள்ளே இருக்கும் படிவத்தை யார் உருவாக்கினார்கள் என்பதை அது சொல்லாது. 'பாஸ்வேர்டுகளைச் சமர்ப்பிக்க வேண்டாம்' என்ற எச்சரிக்கையை கூகுளே தன் படிவங்களின் அடியில் போடுகிறது. பாஸ்வேர்டு, ஓடிபி, யூபிஐ பின், கார்டு எண் ஆகியவற்றை எந்தப் படிவம் கேட்டாலும் மூடிவிட்டு வெளியேறுங்கள். நம்பிக்கையான கடை என்றால், போனில் அழைத்து ஆர்டர் சொன்னாலும் எடுத்துக்கொள்வார்கள்.

படிவத்தை வைத்திருப்பவர்கள் வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் உள்ள வேறொருவரின் போனை வாங்கி, எந்தக் கணக்கிலும் நுழையாமல், ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். பட்டன் கண்ணில் படுகிறதா, நன்றிச் செய்தி தமிழில் வருகிறதா, அதன் கீழே மற்றவர்களின் பதில்களைக் காட்டும் லிங்க் ஏதும் இருக்கிறதா? ஐந்து நிமிட வேலைதான். உங்களை நம்பி எண்ணும் முகவரியும் தருபவர்களுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டோமா என்ன!