மலைப் பாதையில் கடை: ஏறும் பக்கமா, இறங்கும் பக்கமா?

கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பாதையோரத்தில் ஒரு கடை கிடைத்தால் போதும், பணம் தானாக வரும் என்று நினைக்கும் வியாபார நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். புசல்லாவைக்கு மேலே என் மச்சானோடு பங்காகச் சேர்ந்து கறுவா, ஏலம், கராம்பு, மிளகு விற்கும் கடையொன்றைப் போட்டேன். மூன்று வருடத்தில் மூடிவிட்டேன். கடைக்கு முன்னால் வாகனங்களுக்குக் குறைவிருக்கவில்லை. அவை நிற்கவில்லை, அவ்வளவுதான். ஏன் நிற்கவில்லை என்பது கடையை மூடிய பின்னர்தான் எனக்கு விளங்கியது. மற்றவர்களாவது முன்கூட்டியே விளங்கிக்கொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பாதையைப் படிக்க வேண்டும்

இது ஏ5 பிரதான வீதி. பேராதனையில் ஆரம்பித்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை ஊடாகச் செங்கலடி வரை செல்கிறது. பேராதனை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவின் உயரம் சுமார் 1,868 மீற்றர். ஆக, எழுபது கிலோமீற்றர் அளவான ஓட்டத்தில் வாகனம் ஏறக்குறைய 1,400 மீற்றர் மேலே ஏறுகிறது.

ஆனால் இந்த ஏற்றம் ஒரே சீரானதல்ல. கம்பளை வரை பாதை பெரிதாக ஏறுவதில்லை. ரம்பொடையைத் தாண்டி லபுக்கலை வரும்போதுதான் வளைவுக்கு மேல் வளைவு. அங்கே பிள்ளைகளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். சாரதிக்குக் கை களைக்கும். அருவியும் தேயிலை மலையும் கண்ணில் படுவதும் அங்கேதான். ரம்பொடை அருவியின் உயரம் மாத்திரம் 109 மீற்றர். இயற்கையே வாகனத்தை நிறுத்திக் கொடுக்கும் இடம் அது. என் கடையோ அதற்குக் கீழே, ஒரு வளைவு முடிந்த கையோடு இருந்தது. சாரதி பெயர்ப்பலகையை வாசிக்கும்போது கடை பின்னால் போய்விடும். திரும்பி வர அந்த வீதியில் யார்தான் துணிவார்?

ஏறுபவர் வயிற்றுக்கு, இறங்குபவர் வீட்டுக்கு

நமது நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. ஆகவே நுவரெலியா நோக்கிப் போகையில் இடப்பக்கமுள்ள கடைக்கு ஏறுபவர்தான் வருவார். எதிர்ப்பக்கக் கடைக்கு இறங்குபவர் வருவார். இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம், ஆனால் தேவை வேறு.

ஏறும்போது அவருக்கு வேண்டியது சூடான பிளேன்டி, ரொட்டி, சுத்தமான மலசலகூடம். இன்னும் பயணம் பாக்கியிருப்பதால் பொதி சுமக்க விரும்பமாட்டார். இறங்கும்போது மனம் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். அப்போதுதான் தேயிலைப் பக்கற், லீக்ஸ், கரட், அயல்வீட்டுக்கு ஏதாவது என்று யோசிப்பார். நான் செய்த முதல் தவறு, வீட்டுக்குக் கொண்டுபோகும் சரக்கை ஏறும் பக்கத்தில் வைத்து விற்றது.

தரகுப் பணத்தின் கணக்கு

இரண்டாவது தவறு, வாகனம் நிற்காததற்குப் பரிகாரமாகச் சாரதிகளுக்குத் தரகு கொடுக்கத் தொடங்கியது. கணக்கைப் பாருங்கள். 700 ரூபா அடக்கமுள்ள பொதியை 900 ரூபாவுக்கு விற்றால் 200 ரூபா லாபம். விற்ற விலையில் நூற்றுக்கு 25 தரகு கொடுத்து அதே லாபம் வேண்டுமென்றால் 1,200 ரூபாவுக்கு விற்க வேண்டும். அந்த 300 ரூபாவைக் கொடுப்பவர் வாடிக்கையாளர். கம்பளையில் அதே பொதியின் விலை தெரிந்த உள்ளூர்க் குடும்பம் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வராது, பத்துப் பேரிடம் சொல்லவும் செய்யும். சாரதியோ நம்முடையவர் அல்ல. அடுத்த கடைக்காரர் நூற்றுக்கு 30 கொடுத்ததும் அங்கே போய்விட்டார். நான் வாங்கியது வாடிக்கையை அல்ல, சாரதியின் ஒரு பருவத்தை மாத்திரம்.

வெளிநாட்டவரை மட்டும் நம்பலாமா?

2018 இல் இலங்கைக்கு 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2021 இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் ஒன்றை மட்டும் நம்பி வாடகை ஒப்பந்தம் எழுதலாமா? ஏப்ரல் பருவகாலத்திலும் பாடசாலை விடுமுறையிலும் வான் பிடித்து வரும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பதுளைப் பக்கமாக ஏறாவூர், காத்தான்குடிக் குடும்பங்களும் வருகின்றன. அவர்களுக்கு நம்பிக்கையான ஹலால் சாப்பாடும், வுழூச் செய்யத் தண்ணீரும், தொழ ஓர் இடமும் இருந்தால் அடுத்த வருடமும் அதே கடையைத் தேடி வருவார்கள். அதற்குத் தரகு தேவையில்லை.

மழையும் மலையும்

தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கினால் ரம்பொடைப் பக்கம் நனையும். அதேவேளை ஜூலை, ஆகஸ்டில் வெலிமடைப் பக்கம் காய்ந்திருக்கும். ஒரே வீதிதான், மலையின் இரு பக்கத்துக்கும் காலநிலை வேறு. எந்தப் பக்கம் எந்த மாதம் என்று பார்த்துத்தான் சரக்கு ஏற்ற வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இன்னொரு பாடத்தையும் தந்தது. மலையகத்தில் மண்சரிவுகள் வீதிகளை மூடின, கம்பளை நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மலைச் சரிவை வெட்டி இடம் எடுப்பவர் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் விசாரிக்கட்டும். முதல் முழுவதையும் ஒரே கடையில் போடவும் வேண்டாம்.

நண்பர்களே, இடம் பிடிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து மாலைவரை அந்த இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். கடந்துபோகும் வாகனங்களை எண்ண வேண்டாம், நிற்கும் வாகனங்களை எண்ணுங்கள். இறங்கியவர்கள் முதலில் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஒரு நாளை நான் செலவழித்திருந்தால் மூன்று வருடங்கள் மிஞ்சியிருக்கும்.