சமையல் மேடைக்கு ஏற்ற ஸ்டூல்

நம் பாட்டிமார் காலத்தில் சமையலறையில் உட்காரும் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. தரையில் அரிவாள்மணை, உட்கார ஒரு மணைப்பலகை, எதிரே அடுப்பு. பிறகு மேடை வந்தது, நாமும் எழுந்து நின்றோம். அன்று எழுந்தவர்கள் இன்னும் உட்காரவில்லை! இப்போது கட்டும் அடுக்குமாடி வீடுகளில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரை எடுத்துவிட்டு, கிரானைட் பதித்த கவுன்ட்டர் ஒன்றை வைத்துக் கொடுக்கிறார்கள். காலை டிபனை அங்கேயே முடித்துக் கொள்ளலாம். குழந்தையை எதிரே உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுத வைக்கலாம். நாமும் உட்கார்ந்தபடியே கீரை ஆயலாம்.

எல்லாம் நல்ல வசதிதான். ஆனால் ஸ்டூலைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நிறத்தைப் பார்க்கிறோம், மெத்தையைப் பார்க்கிறோம், விலையைக்கூடப் பார்க்கிறோம், உயரத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி மூன்று ஸ்டூல்கள் வாங்கினாள். "அக்கா, பார்க்க அழகா இருந்துச்சுன்னு எடுத்துட்டேன். உட்கார்ந்தா தொடை மேடையில இடிக்குது, காலே உள்ளே போக மாட்டேங்குது" என்றாள். அளந்து பார்த்தோம். மேடை 33 அங்குலம், ஸ்டூல் 26 அங்குலம். நடுவில் மிஞ்சியது 7 அங்குலம். அதிலும் முக்கால் அங்குலம் கல்லுக்குப் போய்விட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்!

முதல் கணக்கு, உயரம்

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை அளந்து பாருங்கள். மேஜை ஏறக்குறைய 30 அங்குலம், நாற்காலியின் இருக்கை 18 அங்குலம் இருக்கும். வித்தியாசம் 12. இதே கணக்குதான் கவுன்ட்டருக்கும். மேடையின் மேல் மட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே 10 முதல் 12 அங்குலம் வரை இருந்தால் சௌகரியமாகச் சாப்பிடலாம்.

நம் வீட்டுச் சமையல் மேடைகள் பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம். இதற்கு 22 அங்குல ஸ்டூல் போதும். 36 அங்குலக் கவுன்ட்டர் என்றால் 24 முதல் 26 அங்குலம். ஹோட்டல் பாணியில் 42 அங்குலத்துக்கு உயர்த்திக் கட்டியிருந்தால் 30 அங்குலம் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூல் 18 அங்குலம்தான் இருக்கும். அதைப் போட்டு மேடையில் சாப்பிட்டால் தட்டு நெஞ்சுக்கு நேரே வரும், தோள்பட்டை வலிக்கும்.

கல்லுக்குக் கீழே மரப்பட்டியோ டிராயரோ இருந்தால் கவனமாக இருங்கள். அதன் அடிப்பக்கத்திலிருந்து இருக்கை வரை அளந்து, தொடை தாராளமாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கடைகளில் 24, 26, 30 அங்குலங்கள் சுலபமாகக் கிடைக்கும். 22 கிடைப்பது அரிது. அதற்காக மனம் தளர வேண்டாம். மர ஸ்டூலென்றால் ஆசாரி நான்கு கால்களையும் ஒரே அளவில் அறுத்துக் கொடுப்பார். இரும்பு ஸ்டூலை வெல்டிங் பட்டறையில் நம் அளவுக்கே செய்து வாங்கலாம்.

கால் தொங்கக் கூடாது

உயர ஸ்டூலில் கால் தாங்கும் கம்பி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, கால் மரத்துப் போகும். கடை ஸ்டூல்களில் இந்தக் கம்பி பெரும்பாலும் நெட்டையானவர்களுக்கு ஏற்ற மாதிரி தாழ்வாக இருக்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இருக்கையிலிருந்து 15 அங்குலத்துக்குள் கம்பி இருந்தால்தான் பாதம் பதியும். கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் வெறுங்காலோடுதானே இருக்கப் போகிறோம்!

எத்தனை பேர் உட்காரலாம்?

ஒருவருக்கு 24 அங்குலம், அதாவது இரண்டடி. இதை மனதில் வைத்துக் கொண்டால் போதும். கை வைத்த ஸ்டூல், சுழலும் ஸ்டூல் என்றால் 28 முதல் 30 அங்குலம் தேவை. ஆறடிக் கவுன்ட்டரில் மூன்று பேர், ஐந்தடியில் இரண்டு பேர். ஐந்தடியில் மூன்றாவதை நுழைத்தால் முழங்கை இடிக்கும், சாம்பார் கொட்டும், சண்டை வரும்.

கவுன்ட்டரின் நீளத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். ஆறடி என்பது 72 அங்குலம். மூன்றால் வகுத்தால் 24. முதல் ஸ்டூலின் நடுப்பகுதி ஓரத்திலிருந்து 12 அங்குலத்தில், அடுத்தது 36-இல், மூன்றாவது 60-இல். ஓரத்தில் சுவர் இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் 3 அங்குலம் தள்ளி வையுங்கள். சாக்பீஸால் கல்லில் கோடு போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.

முழங்காலுக்கும் இடம் வேண்டுமே! 36 அங்குலக் கவுன்ட்டர் என்றால் கல்லுக்கு அடியில் 15 அங்குல ஆழம் காலியாக இருப்பது நல்லது. 42 அங்குல உயரமென்றால் 12 போதும். அலமாரியோடு ஒட்டிக் கட்டிய மேடையில் எந்த ஸ்டூலைப் போட்டாலும் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார வேண்டும். அதற்காகக் கல்லை வெளியே நீட்டுவதானால் ஜாக்கிரதை. 20 மில்லிமீட்டர் கிரானைட்டைத் தாங்கல் இல்லாமல் 6 அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது. அதற்கு மேல் என்றால் அடியில் இரும்பு ஆங்கிள் கொடுக்கச் சொல்லுங்கள். கையூன்றி எழுந்திருக்கும்போது உடம்பின் பாரம் அந்த விளிம்பில்தான் விழுகிறது.

உட்கார்ந்தவருக்குப் பின்னால் யாரும் போக வேண்டியதில்லை என்றால் கவுன்ட்டர் விளிம்பிலிருந்து சுவர் வரை 32 அங்குலம் போதும். நடைபாதை என்றால் 44 அங்குலம் விடுங்கள். சூடான பாத்திரத்தோடு போகிறவர் இடித்துக் கொள்ளக் கூடாது, பாருங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில்

இளம் தாய்மார்கள் இதை இரண்டு தரம் படியுங்கள். குழந்தைகள் உயர ஸ்டூலில் உட்கார்ந்தால் சும்மா இருப்பார்களா? காலால் மேடையை உதைத்துத் தள்ளுவார்கள். ஸ்டூல் பின்பக்கம் சாயும், தலைதான் முதலில் தரையில் மோதும். ஆகவே சின்னஞ்சிறுசுகளுக்குத் தரையில் பாயோ, பெல்ட் வைத்த குழந்தை நாற்காலியோதான் சரி. விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு முதுகு சாய்மானம் உள்ள, சுழலாத ஸ்டூல் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏறட்டும்.

இன்னொரு ஆபத்து, லேசான ஸ்டூல். இரண்டு வயசுக் குழந்தைகூட அதை இழுத்துக் கொண்டுபோய் அடுப்பு மேடைக்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் கனமான ஸ்டூல் நல்லது. இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அடுப்புக்கு நேர் எதிரே யாருக்குமே ஸ்டூல் போடாதீர்கள். தாளிக்கும்போது கடுகு வெடித்தால் முகத்தில்தான் தெறிக்கும்.

மாசமாக இருப்பவர்களும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் உயர ஸ்டூலில் ஏறி இறங்குவது நல்லதல்ல. அவர்களுக்குப் பக்கத்திலேயே சாதாரண நாற்காலி ஒன்று இருக்கட்டும்.

வாங்கும்போது

இருக்கையின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பக்கத்துக் கால் தூக்கினால் வேண்டாம். கால்கள் கீழே வர வர விரிந்திருந்தால் ஸ்டூல் சாயாது. ஆனால் அளக்கும்போது இருக்கையை மட்டுமல்ல, கால்களின் அகலத்தையும் அளக்க வேண்டும். காலடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா, வெல்டிங் பிசிறில்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரம் வைத்தது நம் வீட்டுக்கு வேண்டாம், புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளும். பிரம்பு இருக்கையின் இடுக்கில் சோற்றுப் பருக்கை புகுந்துவிடும். ரெக்சின் என்றால் ஈரத்துணியால் ஒரு துடை, வேலை முடிந்தது.

1926-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையைத் திட்டமிட்டவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி. மிகச் சிறிய அந்த அறையிலும் ஜன்னலோர வேலை மேடைக்கு முன்னால் சுழலும் ஸ்டூல் ஒன்றுக்கு அவர் இடம் வைத்தார். யாருக்காக? விருந்தாளிக்காக அல்ல, அங்கே வேலை செய்கிற பெண்ணுக்காக!

நம் வீடுகளில் நடப்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். கவுன்ட்டரில் எல்லாரும் உட்கார்ந்து சுடச்சுடத் தோசை சாப்பிடுகிறார்கள். அம்மா மட்டும் கடைசித் தோசையை நின்றபடியே வாயில் போட்டுக் கொள்கிறாள். மூன்று ஸ்டூல் இருந்தாலும் அவளுக்கென்று ஒன்று இல்லை. எனவே முதலில் ஒரே ஒரு ஸ்டூல் வாங்குங்கள், அதையும் உங்கள் அளவுக்கே வாங்குங்கள். காய் நறுக்க, பட்டாணி உரிக்க, மாவு பிசைய, சாப்பிட, ஒரு வாரம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவர்களுக்கு வாங்கலாம்.

கடைக்குக் கிளம்புமுன் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு அளவுகளைக் குறித்துக் கொள்ளுங்கள்: மேடையின் உயரம், நீளம், அடியில் உள்ள ஆழம், பின்னால் உள்ள இடம். பர்ஸில் பணத்தோடு இந்தச் சீட்டும், ஒரு அங்குல டேப்பும் இருக்கட்டும்.