செசரியாவில் பவுலின் எதிர்வாதம்

பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளாகும் கிறிஸ்தவர் வாய் திறவாமல் இருப்பதே பக்திக்கு அழகு என்னும் எண்ணம் விசுவாசிகள் பலரிடம் உண்டு. பிலாத்துவின் முன் இயேசு காத்த மௌனமே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆயினும் அதே இயேசு, விசாரணையில் தம்மை அறைந்த சேவகனிடம், தாம் பேசியது தகாததாயின் அதை நிரூபிக்கும்படி கேட்டதை யோவான் சுவிசேஷம் பதிவு செய்கிறது. பழி சுமத்தப்பட்டவர் சட்டத்தின் முன் வாதாடுவது விசுவாசக் குறைவன்று என்பதற்கு மிக விரிவான சான்று, லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் நூல் விவரிக்கும் பவுலின் வழக்கு ஆகும்.

யூதரல்லாத ஒருவரை எருசலேம் ஆலயத்தின் உட்பிராகாரத்துக்குள் அழைத்துச் சென்றார் என்பதே பவுல்மீது முதலில் எழுந்த பழி. அது உயிரைப் பறிக்கக்கூடிய பழி: அங்கிருந்த தடுப்பைக் கடக்கும் வேற்றினத்தாருக்கு மரணமே கிட்டும் என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டொன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல்லில் உள்ளது. எபேசியரான துரோப்பீமுவைப் பவுலுடன் நகரில் கண்டவர்கள், ஆலயத்துக்குள்ளும் அவரைக் கூட்டிச் சென்றிருப்பார் என்று எண்ணிக்கொண்டதாக லூக்கா விளக்குகிறார். வெறும் ஊகம் சாட்சியமாக உருமாறியதுதான் இவ்வழக்கின் மிகக் கொடிய பகுதி.

பவுலைக் கொல்லும் சதி ஒன்று வெளிப்பட்டதால், அவரைக் காவலில் வைத்திருந்த ரோமச் சேனாதிபதி லீசியா அவரைச் செசரியாவுக்கு அனுப்பினார். அங்கே தேசாதிபதி பேலிக்ஸின் முன், பிரதான ஆசாரியர் அனனியாவின் சார்பில் பேச வந்த தெர்த்துல்லு என்னும் நாவன்மையாளர், தேசாதிபதியைப் புகழ்ந்து தொடங்கி, பவுல் கலகக்காரர், நசரேயர் கூட்டத்தின் தலைவர், ஆலயத்தைத் தீட்டுப்படுத்த முயன்றவர் என்று அடுக்கினார். பவுல் அவரை வசைபாடவில்லை. தாம் எருசலேமுக்கு வந்து பன்னிரண்டு நாள்களே ஆயின என்றும், குற்றத்துக்கு ஆதாரம் காட்ட எவராலும் இயலாது என்றும், உண்மையில் குற்றம் சாட்ட வேண்டிய ஆசியா நாட்டு யூதர்கள் அந்த மன்றத்துக்கு வரவேயில்லை என்றும் எடுத்துரைத்தார். ஒரே சாட்சியைக் கொண்டு யாரையும் குற்றவாளியாக்கலாகாது, பொய்ச்சாட்சி சொன்னவன் பிறருக்கு எண்ணிய தண்டனையைத் தானே ஏற்க வேண்டும் என்று உபாகமம் 19ஆம் அதிகாரம் விதித்திருப்பதை நினைத்தால், அந்த இறுதி வாதத்தின் கூர்மை விளங்கும். பொய்யை மறுத்த அதே மூச்சில், எதிரிகள் மதபேதம் என்று இகழ்ந்த மார்க்கத்தைத் தாம் பின்பற்றுவதை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டதே இந்த எதிர்வாதத்தின் மிகச் சிறந்த பகுதி எனலாம். இதற்குச் சில நாள்களுக்கு முன், தம்மை அடிக்கச் சொன்ன அனனியாவிடம் பவுல் சீறியதையும், பின்னர் அது முறையன்று என ஏற்றதையும் லூக்கா மறைக்கவில்லை. குற்றமற்றவரும் கோபப்படக்கூடும் என்பதை அந்நூல் நேர்மையோடு காட்டுகிறது.

பேலிக்ஸ் லஞ்சத்தை எதிர்பார்த்து வழக்கை இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்தார். பின்வந்த பெஸ்து, யூதத் தலைவர்களின் தயவை நாடி, விசாரணையை எருசலேமுக்கு மாற்றலாமா என்று கேட்டபோது, மரணத்துக்குரிய குற்றம் செய்திருந்தால் சாவதற்கு மறுக்கவில்லை என்று கூறிய பவுல், பேரரசரிடம் முறையிடும் ரோமக் குடிமகனின் உரிமையைப் பயன்படுத்தினார். அந்த முறையீடு இல்லாதிருந்தால் அவரை விடுவித்திருக்கலாம் என்று பவுலின் வாதத்தைக் கேட்ட அகிரிப்பா அரசர் பெஸ்துவிடம் பின்னர் கூறினார். ஆயினும் பவுல் கைதியாகவே ரோமாபுரிக்குக் கப்பலேற்றப்பட்டார், பேரரசரின் தீர்ப்பு என்னவென்று லூக்கா எழுதவில்லை.