முதுமைக்கு ஓய்வு மட்டும் போதுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. உடற்பயிற்சி வகுப்புக்கு மணி அடித்ததும் நாம் மைதானத்திற்கு ஓடுகிறோம். ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமாருக்கு அப்படி ஒரு வகுப்பு உண்டா? "வயதான காலத்தில் அவர்களுக்கு எதற்கு உடற்பயிற்சி? ஓய்வாக இருக்கட்டும்" என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறானது என்பதை எங்கள் ஆயாவிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரித் தோப்புகளை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு இப்போது 73 வயது. அவர்கள் பல ஆண்டுகள் முந்திரிக்கொட்டை உடைத்து எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தவர்கள். தெருப் பெண்களோடு தரையில் அமர்ந்து, பேசிக்கொண்டே கொட்டை உடைப்பதுதான் அவர்களுக்கு வேலையும் பொழுதுபோக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஐப்பசி மழையில் ஆயா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார்கள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் நாங்கள் அவர்களை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. "அத்தை, நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்" என்பார் அம்மா. "அம்மா, நீ எழுந்திருக்காதே" என்பார் அப்பா. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் நான்தான் கட்டிலுக்குக் கொண்டு போய்க் கொடுப்பேன். எல்லாம் அன்பினால் செய்ததுதான்.

ஆறு மாதம் சென்றது. கை சரியாகிவிட்டது. ஆனால் பாயில் அமர்ந்தால் எழுந்திருக்க இருவர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. தெருப் பெண்கள் வந்து அழைத்தாலும் ஆயா போவதில்லை. ஓர் இரவு என்னிடம், "நான் இனிமே மூட்டை மாதிரிதான் கண்ணு. வச்ச இடத்துல இருப்பேன்" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுவாரம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இயன்முறை மருத்துவர் ஆயாவை நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "கை எலும்பு எப்போதோ கூடிவிட்டது. கெட்டுப்போனது கால்தான். காலுக்கு நோய் ஒன்றுமில்லை, வேலை இல்லாததுதான் அதன் நோய்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும்?

நமது உடல் சிக்கனமானது. பயன்படாத தசையை அது சுமந்து கொண்டிருப்பதில்லை. முப்பது வயதுக்குப் பிறகே தசையின் அளவு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இது இன்னும் வேகமாகிறது. படுக்கையிலேயே கிடந்தால் சில வாரங்களிலேயே கால்கள் மெலிந்து விடுகின்றன. எலும்பும் அப்படியே. நடக்கும்போதும் நிற்கும்போதும் அதன்மேல் விழும் பாரம்தான் அதை உறுதியாக வைத்திருக்கிறது.

அடுத்தது சமநிலை. நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று துணைகள் உள்ளன: கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்ச்சி. முதுமையில் இம்மூன்றும் சற்று மங்குகின்றன. அத்துடன் கால் தசையும் தளர்ந்திருந்தால், தடுமாறும் நேரத்தில் ஓர் அடி எடுத்து வைத்துச் சமாளிக்க முடிவதில்லை. விழுந்தவருக்கு மீண்டும் விழுவோமோ என்ற அச்சம் வருகிறது. அச்சத்தால் நடப்பதைக் குறைக்கிறார். நடை குறையக் குறையக் கால் இன்னும் தளர்கிறது. தளர்ந்த காலோ மீண்டும் விழச் செய்கிறது. இந்தச் சுழலில்தான் எங்கள் ஆயாவும் அகப்பட்டிருந்தார்கள்.

இது சிறிய செய்தி அல்ல. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் உயிரிழக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர். ஆகவே இது ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கவலை.

விஞ்ஞானம் சொல்வது

உடலுழைப்பின் பயனை உலகுக்கு உணர்த்தியது லண்டன் நகரத்துப் பேருந்து என்றால் வியப்பாக இருக்கும். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் அங்கு மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இருவரும் ஒரே வண்டியில் வேலை செய்பவர்கள். ஆனால் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதை மாரிஸ் 1953-இல் வெளியிட்டார். தாமும் உடற்பயிற்சியை விடாமல் செய்த அவர், 2009-இல் தமது 99-ஆம் வயதில் மறைந்தார்.

"அது சரி, இளமையில் தொடங்கினால் பயன் உண்டு. முதுமையில் தொடங்கி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கலாம். இதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியடரோன் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டு வாரங்கள் காலுக்குப் பளுப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது என்று 1990-இல் அறிவித்தனர். தொண்ணூறு வயதிலும் தசை பாடம் கற்கிறது என்றால், எழுபது வயது பாட்டிக்கு ஏன் முடியாது?

நம் நாட்டு வழி

இந்த உண்மையை நம் நாட்டில் வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. பொள்ளாச்சிப் பக்கத்தில் 1920-இல் பிறந்து கோயம்புத்தூரில் வாழ்ந்த நானம்மாள், சிறுமியாக இருந்தபோதே தம் தந்தையிடம் யோகாசனம் கற்றார். தொண்ணூறு வயதுக்கு மேலும் தாமே ஆசனங்களைச் செய்து காட்டிப் பிறருக்குக் கற்றுக் கொடுத்தார். அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலரும் யோகா ஆசிரியர்களே. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019 அக்டோபரில், 99 வயதில் அவர் காலமானார்.

சென்னையில் வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989) மற்றொருவர். ஆசனத்துக்காக மனிதரை வளைக்கக் கூடாது, மனிதருக்கு ஏற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பதே அவர் கற்பித்த முறை. இளைஞருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று என்று தனித்தனியே பயிற்சி வகுத்தார். 96-ஆம் வயதில் அவருக்கே இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்காக வகுத்துக் கொண்டார். நூறு வயது வாழ்ந்தார். (அவர் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்தார். அதை நாம் பின்பற்றலாகாது. இடுப்பெலும்பு முறிந்தால் இன்று உடனே மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை.)

எனவே யோகாசனம் என்றதும் தலைகீழாக நிற்பதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து, மூச்சைக் கவனித்துக் கையை உயர்த்துவதும் யோகப் பயிற்சிதான்.

ஆயா செய்த பயிற்சிகள்

மருத்துவர் கற்றுக் கொடுத்தவற்றைக் கீழே தருகிறேன். நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட வேண்டும். தரை உலர்ந்திருக்க வேண்டும். அருகில் ஒருவர் நிற்க வேண்டும்.

1. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதிக்கவும். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்கவும். ஆறு முறை.

2. அமர்ந்தபடியே ஒரு காலை நீட்டி, பாதத்தை முன்னும் பின்னும் மடக்கவும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை.

3. நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, மெதுவாக அமரவும். முதலில் கையை ஊன்றிக் கொள்ளலாம். ஐந்தில் தொடங்கிப் பத்துக்கு உயர்த்தவும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே.

4. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று, குதிகால்களை உயர்த்தி இறக்கவும். பத்து முறை.

5. கம்பியைப் பிடித்தபடி ஒரு பாதத்தைச் சிறிது தூக்கிப் பத்து எண்ணவும். பிறகு அடுத்த கால். இது விருட்சாசனத்தின் முதற்படி.

6. சுவரைத் தொட்டபடி, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடுமாறு பத்து அடி நடக்கவும்.

7. இறுதியில் ஐந்து நிமிடம் சவாசனம். படுப்பது சிரமமானால் சாய்ந்து அமர்ந்து கண்களை மூடிக் கொள்ளலாம்.

இவற்றோடு மாலையில் சிறிது நடை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் இயன்றவரை வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அறிவுரை. இயலாதவர்கள் இயன்ற அளவு செய்தாலும் நன்மையே.

கவனிக்க வேண்டியவை

தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். இரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை தாழ்ந்த ஆசனங்களைச் செய்யலாகாது. எலும்பு தேய்ந்தவர்கள் முதுகை மிகவும் வளைக்கவோ முறுக்கவோ கூடாது. வயிறு நிறைய உண்டவுடன் செய்யக் கூடாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், சற்று அமர்ந்திருந்து பிறகு எழ வேண்டும். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தவறி விழுந்துவிட்டால் எழும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். கடும் வலி இருந்தால் அசையாமல் உதவிக்கு அழைக்க வேண்டும். அடி இல்லையென்றால் பக்கவாட்டில் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து, கட்டிலையோ நாற்காலியையோ அடைய வேண்டும். அதன்மேல் கைகளை ஊன்றி, வலுவான காலை முன்னே வைத்து எழுந்து அமர வேண்டும். இதை ஆயாவுக்குப் பாயில் வைத்தே பலமுறை பழக்கினோம். விழுந்தாலும் எழுந்து கொள்ளலாம் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் அச்சம் குறைந்தது.

ஆயா எழுந்தார்கள்

முதல் வாரம் ஆயா, "இந்த வயசுல எனக்கு டிரில்லா?" என்று கோபித்துக்கொண்டார்கள். நாற்காலியிலிருந்து மூன்று முறை எழுவதற்குள் மூச்சு வாங்கியது. பள்ளிக்குப் புறப்படும் முன் தினமும் பத்து நிமிடம் நான் எண்ணுவேன், ஆயா செய்வார்கள். தேர்வு நாட்களில் நான் மறந்தாலும், "கண்ணு, எண்ண வரலியா?" என்று அவர்களே அழைக்கத் தொடங்கினார்கள்.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாயில் அமர்ந்திருந்த ஆயாவைத் தூக்கிவிட அப்பா கை நீட்டினார். "சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு, ஆயா திரும்பி, முழங்காலை ஊன்றி, கட்டிலைப் பிடித்துத் தாமே எழுந்து நின்றார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக் கொண்டார். அன்று மாலையே ஆயா தெருப் பெண்களோடு போய் அமர்ந்தார்கள்.

இன்றும் ஆயாவின் இடது மணிக்கட்டு முழுமையாகத் திரும்புவதில்லை. மழைக்காலத்தில் கைத்தடி இல்லாமல் வெளியே போவதில்லை. முதுமையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் பெருமையை முதியோருக்கு மீட்டுக் கொடுக்க முடியும்.

அன்புள்ள தோழிகளே! நெய்வேலி நகரியத்திலும் சுற்றியுள்ள நம் ஊர்களிலும் உழைத்து ஓய்ந்த தாத்தா பாட்டிமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "நீங்க உட்காருங்க" என்று சொல்வது அன்புதான். "வாங்க ஆயா, சேர்ந்து பத்து முறை எழுவோம்" என்று சொல்வது அதனினும் மேலான அன்பு. இன்று மாலை பள்ளி விட்டு வீடு சென்றதும் பத்து நிமிடத்தை அவர்களுக்காக ஒதுக்குவோம். நடை பழகிய நாளில் நம் கையைப் பிடித்தவர்கள் அவர்கள். இன்று அவர்கள் எழும்போது அருகில் நிற்பது நம் கடமையல்லவா?